கை அறியும் கழுத்து

சின்னமனூரை விட்டுத் தென்பழனி அடிவாரத்தைத் தாண்டி, 18 கொண்டையூசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக ஏறி, கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே விரிந்து கிடக்கும் மேகமலையை அடைகிற பிரயாணி, கீழே விட்டு வந்த வெயிலையும் வறண்ட காற்றையும் மறந்து, மேலே வந்து தழுவிக்கொள்ளும் குளிரிலும் ஈரத்திலும் தன் தேகம் அடையும் மாறுதலை உடனே உணர்கிறான். ஆனால் அவன் தோளில் ஒரு கிதார் தொங்குமானால், அதன் கழுத்தும் அதே மாறுதலை, அவனைக் காட்டிலும் நிதானமாகவும் அவனைக் காட்டிலும் நிச்சயமாகவும் அடைந்துகொண்டிருக்கிறது என்பதை அவன் பெரும்பாலும் எண்ணுவதில்லை. அறுபட்டு, உலர்ந்து, இழைக்கப்பட்டு, மெருகேறி வாத்தியமாகிவிட்ட பின்னரும் மரம் காற்றின் ஈரத்தைக் குடிப்பதையும் உமிழ்வதையும் நிறுத்துவதில்லை. மேலே இரண்டு வாரம் தங்கியிருந்த கிதாரைக் கம்பத்திற்கு இறக்கி, சித்திரை வெயிலில் ஒரு மாதம் வைத்திருந்து வாசித்துப் பார்ப்பவனுக்குத் தந்திகள் விரற்பலகையைவிட்டு விலகியோ நெருங்கியோ நிற்பது தெரியும். மெட்டுகளின் முனைகள் பலகையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு உள்ளங்கையை உராய்வதும் தெரியும்.

மின்கிதாரின் உடல் நிறத்தால் கண்ணைக் கவர்கிறது. அதன் காந்தச் சுருள்கள் ஒலியால் காதைக் கவர்கின்றன. கழுத்து ஒன்றுதான் கைக்கு மட்டுமே தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. படத்தில் அது தெரிவதில்லை, ஒலிப்பதிவில் கேட்பதுமில்லை. தேனி, போடி, உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களில் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசிக்கும் இளைஞர்கள், இக்காலத்தில் அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் நேரே கிதார் தருவித்துக்கொள்ளத் துணிகிறார்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மாமனிடமோ சித்தப்பாவிடமோ சொல்லி வாங்கிவரச் செய்கிறார்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு மேலும் போகக்கூடிய அந்தப் பெருந்தொகையைச் செலவிடுகையில், நிறத்தையும் நிறுவனத்தின் பெயரையும், தாம் வியக்கும் கலைஞர் எந்த மாதிரியை வாசிக்கிறார் என்பதையும் நுணுகி ஆராய்கிறவர்கள், தம் இடக்கை ஆயுள் முழுவதும் பற்றிக்கொண்டிருக்கப்போகும் அந்த ஓர் உறுப்பைப் பற்றி மட்டும் ஒன்றும் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிற விஷயம். வாத்தியம் பிடிக்காமல் மூலையில் சாத்திவைக்கப்படும்போது இளைஞன் தன் திறமையைச் சந்தேகிக்கிறான். பல சமயங்களில் சந்தேகிக்க வேண்டியது கழுத்தின் அளவைத்தான்.

இந்தப் பள்ளத்தாக்குக்கும் கிதாருக்கும் ஏற்பட்ட சம்பந்தம் புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வாசித்து, 1960களின் பிற்பகுதியில் சென்னை சேர்ந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைக் கற்று, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் கிதாரில் தேறி, சலில் சௌத்ரி, ஜி. கே. வெங்கடேஷ் முதலியோரின் வாத்தியக் குழுக்களில் கிதார்க் கலைஞராகவே அமர்ந்திருந்து, 1976இல் ‘அன்னக்கிளி’யின் வாயிலாகத் தமிழ் ஜனங்கள் அறிந்த இளையராஜா, இம்மண்ணின் பிள்ளை. 1980இல் வெளிவந்த ‘மூடுபனி’யிலும் 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யிலும் கிதாரே முன்னின்று நடத்தும் பாடல்களைக் கேட்டு, அந்த வாத்தியத்தின்மேல் மையல் கொண்ட தமிழ்க் குழந்தைகள் எத்தனையோ பேர். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது, பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட பாதை எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதை இப்பள்ளத்தாக்கின் இளைஞர்கள் மீண்டும் கண்டார்கள். ஆகவே, இங்கே ஒருவன் கிதார் வாங்க ஆசைப்படுவதை வெறும் நாகரிக மோகம் என்று ஒதுக்குவதற்கில்லை; அது அவன் பிறந்த பிரதேசத்தின் சொத்துகளுள் ஒன்று.

டிரினிட்டித் தேர்வுகளுக்குரிய பாரம்பரியக் கிதாரின் கழுத்து ஏறக்குறைய தட்டையானது. தலைப்பாலத்தருகே 52 மில்லிமீட்டர் அகலம் உடையது. மின்கிதாரின் கழுத்தோ அதே இடத்தில் 42 அல்லது 43 மில்லிமீட்டர் அகலத்தோடு முடிந்துவிடும். பத்து மில்லிமீட்டர் என்பது எழுத்தில் அற்பமாகத் தோன்றினாலும், ஆறு தந்திகளுக்கிடையே பங்கிடப்படும்போது விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரியது. அகன்ற கழுத்தில் பயின்றவன் மின்கிதாருக்கு வந்தால் சில மாதங்கள் சிரமப்படுவதும், குறுகிய கழுத்தில் தொடங்கியவன் பாரம்பரியக் கிதாரைத் தொட்டுத் திகைப்பதும் சுபாவமே.

கழுத்தின் ஸ்பரிசம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல குணங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது பருமன். 1959ஆம் ஆண்டு லெஸ் பால் கிதாரைப் பின்பற்றி இன்று செய்யப்படும் கழுத்துகள் முதல் மெட்டருகே ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் பருமன் உடையவை. ஜப்பானிய நிறுவனமான ஐபனீஸ் 1980களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ‘விசார்ட்’ என்னும் கழுத்து அதே இடத்தில் 17 மில்லிமீட்டரே உடையது. மெலிந்த கழுத்து எளிது, தடித்த கழுத்து கடினம் என்று எங்கும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கட்டைவிரலைக் கழுத்தின் பின்னே ஊன்றி வேகமான ஸ்வரக் கோவைகளை வாசிப்பவனுக்கு மெலிந்த கழுத்து துணை செய்கிறது என்பது மெய்யே. ஆனால் உள்ளங்கை முழுவதையும் கழுத்தோடு பொருத்தி, மணிக்கணக்காகப் பாட்டுக்குத் துணையாகக் கார்டு எனப்படும் கட்டுச் சுருதிகளை வாசிக்கும் தேவாலயக் கிதார்க் கலைஞனுக்கு, கையை நிரப்புகிற பருமனே ஓய்வைத் தருகிறது. மெலிந்த கழுத்தை அவன் தன்னை அறியாமல் இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை வருத்திக்கொள்கிறான். பின்புறத்து வடிவங்களை ஆங்கில எழுத்துகளைக் கொண்டு சி, டி, யு, வி என்று வழங்குவார்கள். ஒரே பருமன் உடைய இரு கழுத்துகள்கூட, தோள்கள் அகன்ற யு வடிவிலும் சரிந்த வி வடிவிலும் கைக்கு முற்றிலும் வேறானவையாகத் தோன்றும். ஆகையால் பருமனை மட்டும் கேட்டறிந்து திருப்தி அடைவது போதாது.

நம்மவர்களுக்கு மிக முக்கியமென்று நான் கருதுவது விரற்பலகையின் வளைவு. அதன் மேற்புறம் ஒரு பெரிய உருளையின் சிறு பகுதி என்று கொண்டால், பழைய ஃபெண்டர் கிதார்களில் அந்த உருளையின் ஆரம் 7.25 அங்குலம்; இக்காலத்து ஃபெண்டர்கள் பலவற்றில் 9.5 அங்குலம், கிப்சனில் 12 அங்குலம், ஐபனீஸில் 400 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டு ஏறக்குறையத் தட்டையாகவே ஆகிவிடும். ஆரம் குறையக் குறையப் பலகை அதிகம் வளைந்திருக்கும். ஆட்காட்டி விரலை ஆறு தந்திகளின்மேலும் படுக்கவைத்துக் கட்டுச் சுருதி பிடிக்க அது இதமாக இருக்கும். ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை உயர்த்த முயன்றால், தாழ்வாக அமைந்த தந்தி வளைவின் முகட்டில் உள்ள அடுத்த மெட்டுகளில் உரசி, நாதம் நெரிந்து அடங்கிவிடும். மேனாட்டுக் கிராமியப் பாடலுக்கு இது பெரும் குறையன்று. கமகம் இல்லாத ஸ்வரத்தைக் காது ஏற்க மறுக்கும் நாட்டில் இதுவே பெரும் குறை. ‘கல்யாணி’யில் ஒரு சிறு பிடியை வாசிக்க விரும்புகிறவனும், நாதஸ்வரத்தின் ஜாருவைக் கிதாரில் கொண்டுவர எண்ணுகிறவனும், 12 அங்குலத்துக்குக் குறையாத ஆரத்தைத் தேடிக்கொள்வது நலம்.

நம் வீணை இந்தப் பிரச்சினையை வெகுகாலத்துக்கு முன்பே தன் வழியில் தீர்த்துவிட்டது. தஞ்சாவூர் வீணையின் தண்டியில் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் உயர்த்திப் பதிக்கப்பட்டிருப்பதால், விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டுமே தொடுகிறது; ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களை வரவழைக்க முடிகிறது. ஜான் மக்லாக்லின் என்னும் ஆங்கிலக் கிதார்க் கலைஞர், அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்று, பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் முதலியவர்களோடு ‘சக்தி’ என்னும் குழுவை அமைத்தபோது, மெட்டுகளுக்கிடையே விரற்பலகையைக் குடைந்தெடுத்த ஒரு கிதாரைக் கிப்சன் நிறுவனத்தின் வாயிலாகச் செய்வித்துக்கொண்டார். குறுக்கே ஏழு சுருதித் தந்திகளும் அதில் பூட்டப்பட்டிருந்தன. வீணையின் நியாயத்தைக் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுபோன காரியம் அது. மின்கிதாரில் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்யலாம் என்பதைச் சுகுமார் பிரசாத் மெய்ப்பித்தார். பின்வந்த பிரசன்னா அதை உலக அரங்குகளுக்கு எடுத்துச் சென்றார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்திகள் இரட்டை இரட்டையாகச் செல்லும் வாத்தியத்தை ஐந்து ஒற்றைத் தந்திகள் உடையதாக மாற்றிக்கொண்டார். இவர்கள் எல்லோரிடமும் நான் காண்பது ஒன்றே: கடையில் கிடைத்த கழுத்துக்குத் தம் சங்கீதத்தைக் குறைத்துக்கொள்ளாமல், தம் சங்கீதம் கேட்ட கழுத்தை அவர்கள் நாடினார்கள்.

தந்தியின் நீளமும் ஸ்பரிசத்தில் சேரும். ஃபெண்டரில் தலைப்பாலம் முதல் அடிப்பாலம் வரை 648 மில்லிமீட்டர்; கிப்சனில் ஏறக்குறைய 628 மில்லிமீட்டர். ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், நீளம் குறைந்த கழுத்தில் அது ஏறக்குறைய ஆறு விழுக்காடு குறைவாக இருக்கும். விரல் வலிக்கிறது என்று சொல்லும் தொடக்கநிலை மாணவனுக்கு இந்த ஆறு விழுக்காடு பெரிய தயை.

பூச்சைப் பற்றி ஊருக்கேற்ற ஆலோசனை ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடிபோல் மின்னும் கனத்த பூச்சுடைய கழுத்து, கம்பத்து வைகாசியில் வியர்வை ஊறிய உள்ளங்கையைப் பற்றிக்கொண்டு நகரவிடாது. அங்கே மங்கலான மெல்லிய பூச்சோ எண்ணெய் மட்டும் ஏற்றிய கழுத்தோ சௌகரியம். அதே எண்ணெய்க் கழுத்தை மேகமலைமேல் உள்ள ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் வைத்திருப்பவன், மாதக்கணக்காகச் சூழும் மூடுபனியின் ஈரத்தைத் தடுக்க அதில் தடுப்பு மிகக் குறைவு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மலைக்கு மேலே ஒரு நியாயம், கீழே ஒரு நியாயம்.

இனி, இந்தக் கழுத்தின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் மரத்தின் வரலாற்றுக்கு வருகிறேன். அதைச் சொல்லும்போது என் மனம் பெருமையும் கவலையும் ஒருங்கே அடைகிறது. ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவரும், தாம் கிதார் வாசிக்கத் தெரியாதவருமான லியோ ஃபெண்டர், 1950இல் திண்ணிய உடலுடைய மின்கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கழுத்து முழுவதையும் மேப்பிள் மரத்தில் செய்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டினார். பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். வெளிறிய மேப்பிள் பலகையில் விரல் பட்ட இடமெல்லாம் பூச்சு தேய்ந்து கறுத்தது. 1958 முதல் அவர் விரற்பலகைக்கு ரோஸ்வுட்டை உபயோகிக்கலானார். கிப்சனும் மார்ட்டினும் அம்மரத்தை வெகுநாளாகவே கையாண்டவை. முதலில் பிரேசில் நாட்டு மரமே எங்கும் உயர்வாக மதிக்கப்பட்டது. அது அருகி வரவே, மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய மரத்துக்கு மாறியது. மற்றவர்களும் அவ்வாறே மாறினார்கள். அந்த இந்திய மரம்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும், நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்கும் மரம். ஊதா கலந்த பழுப்பில் கரிய ரேகைகள் ஓடும் அதன் வைரம், எண்ணெய்ப் பசையுடையது; பூச்சின்றியே விரலின் உராய்வைத் தாங்குவது; அடர்த்தி மிக்கது. அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து விமானம் ஏறி வந்து தேனியில் இறங்கும் கிதாரின் விரற்பலகை, இம்மலைத் தொடரில் எங்கோ நின்ற மரத்தின் துண்டாக இருக்கக்கூடும். ஜாவாத் தீவிலும் இதே இனம் தோட்டங்களாக வளர்க்கப்பட்டு இக்காலத்துக் கிதார்கள் பலவற்றுக்குப் பலகையாகிறது என்பதால், நிச்சயமாக இங்கிருந்து சென்றதே என்று ஒவ்வொரு கிதாரையும் பற்றிச் சொல்வதற்கில்லை. ஆயினும் இனத்தால் அது நம் காட்டின் உறவு.

ஈட்டி மரம் மெதுவாக வளர்வது. அதன் விலையோ வேகமாக வளர்ந்தது. பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தைக்கூட அனுமதியின்றி வெட்டலாகாது என்று தமிழ்நாட்டில் 1994இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டில் பிறந்த லேசி சட்டம், வேற்று நாட்டின் வனச் சட்டத்தை மீறி வெட்டப்பட்ட அல்லது ஏற்றுமதியான மரத்தை இறக்குமதி செய்வதையும் குற்றமாக்கி 2008இல் விரிவாக்கப்பட்டது. 2011 ஆகஸ்ட் 24ஆம் நாள் நாஷ்வில், மெம்ஃபிஸ் நகரங்களில் உள்ள கிப்சன் நிறுவனத்தின் ஆலைகளில் அதிகாரிகள் புகுந்து, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலி மரத்துண்டுகளைக் கைப்பற்றினார்கள். விரற்பலகைக்கென அறுத்தனுப்பிய அந்தத் துண்டுகள் முடிந்த பொருளா, முடியாத மரமா என்பதே வழக்கின் சூட்சுமம். ஏனெனில் இந்தியச் சட்டம் செய்து முடித்த பொருளை வெளியே போக விடுகிறது, வேலை முடியாத மரத்தைத் தடுக்கிறது. 2012 ஆகஸ்டில் ஏற்பட்ட உடன்பாட்டில் கிப்சன் மூன்று லட்சம் டாலர் அபராதமும், வனவுயிர்ப் பாதுகாப்புக்கென ஐம்பதாயிரம் டாலரும் செலுத்த இசைந்தது. முன்னொரு சோதனையில் கைப்பற்றப்பட்டிருந்த மடகாஸ்கர் கருங்காலியின்மேல் கொண்ட உரிமையைக் கைவிட்டது. இந்திய மரத்தைப் பற்றிய சட்டம் தெளிவற்றிருந்ததால் அது திருப்பித் தரப்பட்டது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் அப்போது எழுந்த ஆரவாரத்தில், கழுத்தின் மூலப்பொருளைத் தந்த காட்டின் பெயரை யாரும் அதிகம் உச்சரிக்கவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை, 2017 ஜனவரி 2 முதல், பிரேசில் மரம் நீங்கலாக ரோஸ்வுட் இனங்கள் அனைத்தையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் எல்லை கடந்து விற்கப்படும், இம்மரம் கொண்ட ஒவ்வொரு கிதாருக்கும் அத்தாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. ஃபெண்டர் தன் மெக்சிகோ ஆலையின் கிதார்களுக்குப் பா ஃபெரோ என்னும் வேறு மரத்தை நாடியது. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே 2017க்கும் 2019க்கும் இடையே செய்யப்பட்ட கிதாரை ஆராய்பவன், முந்திய ஆண்டில் ஈட்டிப் பலகை பெற்றிருந்த அதே மாதிரியில் வேறு மரத்தைக் கண்டால் வியப்படைய வேண்டாம். கைக்கு அவ்விரண்டும் சிறிது வேறுபடும். பா ஃபெரோ இன்னும் வழவழப்பானது, நிறத்தில் வெளிறியது. தாழ்வானது என்று நான் சொல்லமாட்டேன்.

மேகமலைக் காடு முன்பே வனவுயிர்ச் சரணாலயமாயிற்று. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டோடு இணைந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வைகைக்கு ஊற்றாக விளங்கும் இம்மலைக் காட்டின் மரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்காகக் கிதாரின் பலகை வேறு மரமாக மாறினால், அந்த மாற்றத்தைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். விரல் புதிய மரத்துக்குச் சில நாளில் பழகிவிடும். அழிந்த காடு சில நாளில் திரும்பாது.

வாங்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு காலத்தில் நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகள் காரணமாக, கல்கத்தாவில் செய்யப்பட்ட கிவ்சன், ஹோப்னர் முதலிய கிதார்களே நம் மாணவர்களுக்கு எட்டின. வெளிநாட்டு வாத்தியம் பிரயாணிகளின் கையோடு வந்தால்தான் உண்டு. இன்று புதிய கிதாரைத் தருவிக்கத் தடையில்லை. ஆனால் கிதாரின் விலையோடு கப்பற்கூலியும் காப்புறுதிக் கட்டணமும் சேர்ந்த தொகையின்மேல் சுங்க வரியும், அதன்மேல் சரக்கு சேவை வரியும் விதிக்கப்படும் என்பதை முன்னரே கணக்கிட்டுக்கொள்ளாதவர்கள் துறைமுகத்தில் திகைத்து நிற்கிறார்கள். பிறர் வாசித்துப் பழகிய பழைய கிதாரைத் தருவிக்க விரும்புகிறவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மூலதனச் சாமான்கள் நீங்கலாகப் பயன்படுத்திய பொருள்களை முன் அனுமதியின்றி இறக்குமதி செய்ய நம் வெளிவாணிபக் கொள்கை இடந்தருவதில்லை. பல ஆண்டு வாசிப்பில் விளிம்புகள் தேய்ந்து கைக்கு இதமாகிவிட்ட பழைய கழுத்துக்கு ஈடில்லைதான். எனினும் அதைச் சட்டப்படி பெறும் வழி அறியாமல் பணம் அனுப்புவது விவேகமன்று.

பெட்டி வந்து சேர்ந்தவுடன் பிரித்து வாசித்துப் பார்க்கும் ஆவலை ஒரு நாள் அடக்கிக்கொள்ள வேண்டும். விமானத்தின் சரக்கறையில் குளிர்ந்திருந்த மரமும் அதன் மெல்லிய பூச்சும் திடீரெனச் சூடான காற்றைச் சந்தித்தால் பூச்சு நுண்ணிய கோடுகளாக வெடித்துப்போகக்கூடும். பெட்டிக்குள்ளேயே கிதார் நம் அறையின் வெப்பத்துக்கு வந்து சேரட்டும். அதன்பின் சுருதி கூட்டி, முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒருசேர அழுத்தி, ஏழாம் எட்டாம் மெட்டுகளின்மேல் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்; கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் சரி. சாதாரணத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்கு நிகரான விசையால் கழுத்தை இழுக்கின்றன; அதை எதிர்த்து நிற்பதற்காகக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி செல்கிறது. கிப்சன் ஆலையில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ என்பவர் 1920களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ட்ரஸ் ராடு என்று வழங்கும் இக்கம்பியை ஆலன் சாவியால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகலாகாது. திருகிய பின் ஓர் இரவு விட்டு மறுநாள் பார்க்க வேண்டும். அறையில் ஈரமானி ஒன்றை வைத்து, காற்றின் ஈரத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிறுத்த முயல்வது நல்லது. தென்மேற்குப் பருவத்தில் மேகமலை உச்சியில் மேகம் தங்க, பள்ளத்தாக்கில் வறண்ட காற்று மட்டும் இரைந்து வீசும் மாதங்களில் உறைக்குள்ளேயே கிதாரை வைத்திருப்பது மேலும் நல்லது. கழுத்து மோசமானது என்று பழிசுமத்தப்பட்ட கிதார்களுள் பல, இந்தச் சிறிய பராமரிப்பு கிடைத்தவுடன் அருமையான கிதார்களாகிவிடுகின்றன.

இவ்வளவும் அறிந்த பின்னும், எண்களைக் கொண்டு கழுத்தைத் தேர்ந்தெடுப்பவன், தன் கை எந்த எண்ணை விரும்புகிறது என்பதை அறியாவிட்டால் இருளில்தான் நிற்கிறான். சென்னை அண்ணா சாலையில் 1842இல் தொடங்கிய மியூஸி மியூசிகல் போன்ற பழைய கடைகளுக்குப் போய்ப் பல கழுத்துகளைப் பற்றிப் பார்க்கலாம். ஆனால் கம்பத்து மாணவனுக்குச் சென்னை ஓர் இரவுப் பிரயாணம். ஆகையால் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். மதுரை அரசு இசைக் கல்லூரியோ, தேனியிலும் கம்பத்திலும் கிதார் கற்பிக்கும் பயிற்சிக்கூடங்களோ, கழுத்தை அறிவதற்கென்றே மூன்று மின்கிதார்களை வைத்திருக்கட்டும். ஒன்று வளைந்த பலகையும் தடித்த பின்புறமும் உடையது; ஒன்று நடுத்தரமானது; ஒன்று தட்டையான பலகையும் மெலிந்த பின்புறமும் உடையது. மூன்றிலும் ஒரே வகைத் தந்திகளைப் பூட்டி, தந்தியின் உயரத்தையும் ஒன்றுபோல் அமைக்க வேண்டும். அப்போதுதான் கை உணரும் வேற்றுமை கழுத்தினுடையது என்பது நிச்சயமாகும். கடையில் நின்றபடி ஐந்து நிமிஷம் வாசித்தவனுக்குப் புதிய கழுத்தெல்லாம் இனிமையாகவே தோன்றும் என்பதால், மாணவன் ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, தான் வழக்கமாக வாசிக்கும் பாடல்களையே வாசித்துத் திருப்பிக் கொடுக்கட்டும். இரவல் புத்தகத்தில் அவன் பெயருக்கு எதிரே, அவன் கை சௌகரியமென்று கண்ட பருமனையும் அகலத்தையும் ஆரத்தையும் ஆசிரியர் குறித்துக் கொடுத்தால், அவன் வெளிநாட்டுக் கடைக்கு எழுதும் முதற்கடிதத்தில் நிறத்துக்கு முன்னால் அந்த மூன்று அளவுகளும் இடம்பெறும்.